டஸ்கி சேலஞ்சர்: ஒரே ஒரு முறை பூக்கும் கிழங்கு

‘டஸ்கி சேலஞ்சர்’ என்பது ஒரு ஐரிஸ் ரகம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், சேலம் நகரத்துக்குப் பக்கத்தில் (ஆமாம், இங்கேயும் ஒரு சேலம் இருக்கிறது, மாம்பழம்தான் கிடையாது) ஷ்ரைனர் குடும்பம் நடத்தும் ஐரிஸ் பண்ணை 1986இல் வெளியிட்டது. 1992இல் இதற்கு டைக்ஸ் பதக்கம் கிடைத்தது. ஐரிஸ் வளர்ப்பவர்கள் உலகத்தில் அதற்கு மேல் விருது இல்லை. பிறகு பல வருடங்கள் அமெரிக்க ஐரிஸ் சங்கத்து உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பட்டியலிலும் இதுதான் முதலிடம்.

நான் இருப்பதும் ஓரிகனில்தான், போர்ட்லேண்டுக்கு மேற்கே. என் வீட்டுப் பின்புறத்தில் இந்த ரகம் ஒன்பது வருடமாக இருக்கிறது. இதை வளர்க்க எல்லாரும் சொல்லும் விதிகளைக் கேட்டால் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். கிழங்கை மண்ணால் மூடாதே. வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றாதே. நல்லா உரம் போடாதே. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிடு. ஒரு செடியிடம் நாம் பாசமாகச் செய்யும் எல்லாமே இதற்கு ஆகாது! விதிகளை அப்படியே பின்பற்றினாலே செடி வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனா காரணம் தெரியாத விதியை என்னால் அதிக நாள் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது, தொழில் பழக்கம். அதனால் தேடிப் படித்தேன். படித்ததில் பிடிபட்டவை இரண்டு விஷயங்கள். ஒன்று, இந்தச் செடியின் முன்னோர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்பது. இன்னொன்று, தோட்டக்கலையில் ‘ரகம்’ என்று எதைச் சொல்கிறார்கள் என்பது.

முதலில் பூவைப் பார்த்துவிடலாம். பூத்தண்டு ஒரு மீட்டர் உயரம் வரும். 70 சென்டிமீட்டருக்கு மேல் வளரும் தாடி வைத்த ஐரிஸ்களை ‘உயர் தாடி ஐரிஸ்’ என்று தனி வகையாகப் பிரித்திருக்கிறார்கள், இது அதில் சேர்த்தி. ஒவ்வொரு பூவிலும் மூன்று இதழ்கள் மேலே நிமிர்ந்து கும்பம் மாதிரி கூடி நிற்கும். மூன்று இதழ்கள் கீழே தழைந்து தொங்கும். தொங்கும் இதழின் நடுவில் கம்பளிப்பூச்சி படுத்திருப்பதுபோல ஒரு வரிசை மயிர் இருக்கிறதே, அதுதான் தாடி. டஸ்கி சேலஞ்சரில் இதழ், தாடி எல்லாமே ஒரே நிறம். நன்றாகப் பழுத்த நாவல் பழத்தின் நிறம் என்றால் நமக்குச் சட்டென்று புரியும். காலை வெயில் பட்டால் பட்டுச்சேலை மாதிரி மினுங்கும், சாயங்காலம் கிட்டத்தட்ட கறுப்பு. கிட்டே போனால் லேசான இனிப்பு வாசனை. சாக்லேட் வாசனை என்று சிலர் சத்தியம் செய்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

தாடி அலங்காரத்துக்கு இல்லை, அது வண்டுக்கு வழிகாட்டி. தொங்கும் இதழில் வந்து இறங்கும் பெரிய வண்டு தாடி காட்டும் வழியே உள்ளே நுழையும். அங்கே சூலகத்தின் ஒரு கிளை இதழ் மாதிரி அகன்று கூரையாக நிற்கிறது. அந்தக் கூரையின் விளிம்பில் சின்னதாக ஒரு உதடு, அதுதான் சூல்முடி. வண்டு நுழையும்போது முதுகில் கொண்டுவந்த மகரந்தத்தை அந்த உதடு வழித்து எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டிப் போனால்தான் இந்தப் பூவின் சொந்த மகரந்தப்பை முதுகில் படும். திரும்பி வெளியே வரும்போது உதட்டின் பின்பக்கம்தான் உரசும், அங்கே மகரந்தம் ஒட்டாது. ஆக, பூ தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொள்வது பெரும்பாலும் நடக்காது. ஒரு பூவில் இப்படி மூன்று வாசல்கள். இந்த அமைப்பு கீழே சொல்லப்போகும் ஒரு விஷயத்துக்குத் தேவைப்படும், ஞாபகம் இருக்கட்டும்.

இனி மண்ணுக்கு வருவோம். ஐரிஸுக்கு அடியில் இருப்பது மட்டநிலத்தண்டு. பள்ளிக்கூடத்தில் இஞ்சி, மஞ்சளை உதாரணம் காட்டிப் படித்தோமே, அதேதான். வேர் மாதிரித் தெரியும், உண்மையில் படுத்துக்கொண்டு வளரும் தண்டு. என் அம்மா ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் தடவை வீடியோ காலில் நான் ஐரிஸ் நடுவதைப் பார்த்துவிட்டு, “ஏன் கண்ணு, கெழங்க இப்படி வெளியவா போட்டு வெப்பாங்க? மண்ண அணைச்சு உடு” என்றார். மஞ்சளுக்கு அவர் சொல்வது நூறு சதவீதம் சரி. மண் அணைக்காத மஞ்சள் வெயிலில் காய்ந்து பச்சை தட்டிப்போகும். ஐரிஸை அப்படி மண் அணைத்தால் மழைக்கு அழுகும். நட்டு முடித்தபிறகு கிழங்கின் மேல்பாகம் குளத்தில் படுத்திருக்கும் எருமையின் முதுகு மாதிரி வெளியே தெரிய வேண்டும்.

ஒரே மாதிரி கிழங்கு, எதிரெதிர் வைத்தியம். ஏன்?

மஞ்சள் பருவமழைச் செடி. வெயிலும் ஈரமும் சேர்ந்து வரும் காலம்தான் அதற்கு வளர்ச்சிக் காலம், மழை நின்று மண் காய்ந்தபிறகு ஓய்வு. ஐரிஸின் முன்னோர்கள் வந்தது தெற்கு ஐரோப்பா, பால்கன் மலைகள், துருக்கி இங்கிருந்தெல்லாம். அங்கே மழை குளிர்காலத்தில் வரும், கோடை எலும்பு மாதிரிக் காய்ந்து கிடக்கும். பாறைச் சரிவில், மண் கொஞ்சமாக இருக்கும் இடத்தில் இவை வளர்ந்தன. வளர்வது குளிரிலும் ஈரத்திலும், ஓய்வெடுப்பது சூட்டிலும் வறட்சியிலும். ஆக இரண்டு கிழங்குகளும் வறண்ட காலத்தைத் தாண்டுவதற்கான சேமிப்புக் கிடங்குகள்தான். ஆனா சூடும் ஈரமும் ஒன்றாக வருவது மஞ்சளுக்குக் கொண்டாட்டம், ஐரிஸுக்கு அது பரம்பரையில் யாரும் பார்த்தே இராத நிலைமை.

அந்த நிலைமையில் உள்ளே புகுவது பெக்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியா. முன்பு எர்வினியா என்ற பெயரில் இருந்தது. உருளைக்கிழங்கு மூட்டையில் ஒன்று அழுகி மூட்டை முழுக்க நாறுமே, அதற்கும் இதே கூட்டம்தான் காரணம். செல்களைச் செங்கல் என்று வைத்துக்கொண்டால் அவற்றை ஒட்டவைக்கும் சுண்ணாம்புக் கலவை பெக்டின் என்ற பொருள். இந்தப் பாக்டீரியா அந்தப் பெக்டினைக் கரைக்கும் நொதியைச் சுரக்கிறது. தோல் அப்படியே இருக்கும், உள்ளே கூழ். இலையைப் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். வாசனையை வர்ணிக்க விரும்பவில்லை. காயம் பட்ட இடத்தில், ஈரம் தங்கும் இடத்தில்தான் இது தொடங்கும். வெயிலில் காய்ந்த முதுகில் அதற்கு வேலை இல்லை. கிழங்கை மூடாதே என்ற விதிக்கு முழுக் காரணம் இவ்வளவுதான்.

முன்னோர்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம், எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களில் இருந்த தாடி ஐரிஸ்களில் பெரும்பாலானவை இரண்டு காட்டு இனங்களின் வாரிசுகள். ஒன்று பாலிடா, ஊதா நிறம். மற்றது வேரியகாட்டா, மஞ்சளும் பழுப்பும். பிரான்ஸில் லெமோன் என்பவர் 1840இல் பெயர் வைத்த ரகங்களாக இவற்றை விற்க ஆரம்பித்தார். பூக்கள் அழகு, ஆனா சின்னவை. அந்த இரண்டு நிறக்கூட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தன. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மைக்கேல் ஃபாஸ்டர் வருகிறார். கேம்பிரிட்ஜில் உடலியல் பேராசிரியர், ஐரிஸ் அவருக்குப் பொழுதுபோக்கு. துருக்கி, சைப்ரஸ் பக்கம் இருந்த மிஷனரிகளுக்கும் தெரிந்தவர்களுக்கும் எழுதி, அங்கே கிடைக்கும் ஐரிஸ் கிழங்குகளை அனுப்பச் சொன்னார். துருக்கியின் அமாசியா நகரத்திலிருந்து வந்ததற்கு ‘அமாஸ்’ என்றே பெயர். உயரமான தண்டு, உள்ளங்கை அளவு பூ. அதுவரை ஐரோப்பா பார்க்காத அளவு.

இவற்றைப் பழைய ரகங்களோடு கலந்தால் விதை பிடிப்பதே அரிது. பிடித்த விதையிலிருந்து வந்த நாற்றுகளில் சில மட்டும் எதிர்பாராத பெரிய பூக்களைக் கொடுத்தன. ஏன் என்று யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தின் டெவனில் ஆர்தர் பிளிஸ் என்பவர் உருவாக்கி 1917இல் வெளிவந்த ‘டொமினியன்’ இந்த வழியில் வந்தது. கெட்டியான, வெல்வெட் மாதிரி இதழ். இன்றைய உயர் தாடி ஐரிஸ்களின் குடும்ப மரத்தைப் பின்னோக்கிப் போனால் அடிக்கடி இந்தப் பெயரில் போய் முட்டுவோம். காரணம் தெரிந்தது அதற்கும் பிறகுதான். 1920களின் இறுதியில் பிரான்ஸின் மார்க் சிமோனே நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணினார். பாலிடா, வேரியகாட்டா இரண்டுக்கும் 24. துருக்கிப் பக்கத்துப் பெரிய ஐரிஸ்களுக்கு 48. முதலாவது இருமடியம், அடுத்தது நான்மடியம். குரோமோசோம் இரட்டித்தால் பொதுவாகச் செல் பெரிதாகும், இதழ் தடிக்கும், தண்டு உறுதியாகும். இரண்டையும் கலந்தால் கணக்கு ஒத்துப்போகாமல் பெரும்பாலும் மலட்டு விதை. எப்போதாவது இருமடியச் செடி தன் குரோமோசோமைப் பாதியாக்காமல் முழுசாகக் கொடுத்துவிட்டால் 24ம் 24ம் சேர்ந்து 48, வளமான வாரிசு. பிளிஸும் அவர் காலத்தவர்களும் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தது இந்த விபத்துகளைத்தான். குரோமோசோம் எண்ணிக்கை தெரியாமலே சரியான செடியைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். டஸ்கி சேலஞ்சரும் இந்த நான்மடியக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

ஃபாஸ்டர் 1907இல் இறந்தார். அவருடைய குறிப்புகளையும் வைத்து 1913இல் ஐரிஸ் இனம் முழுவதற்குமான பெரிய நூலை எழுதியவர் வில்லியம் டைக்ஸ் என்ற பள்ளி ஆசிரியர். பதக்கத்துக்கு அவர் பெயர்தான். ஒரு உடலியல் பேராசிரியர், ஒரு பள்ளி ஆசிரியர். இந்தத் துறையே ஓய்வு நேரக்காரர்கள் கட்டியது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு.

ஷ்ரைனர் குடும்பமும் அப்படித்தான் ஆரம்பித்தது. குளிருக்குப் பேர்போன மினசோட்டாவில், 1920களில், பொழுதுபோக்காக. அடுத்த தலைமுறை 1940களின் பிற்பாதியில் பண்ணையை ஓரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்குக்கு மாற்றியது. இந்தப் பள்ளத்தாக்கில் மழைக்காலம் அக்டோபரில் ஆரம்பித்து மே வரை இழுக்கும். போர்ட்லேண்டில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் சேர்த்துச் சராசரியாக ஒரு அங்குல மழைதான். ஈரக் குளிர்காலம், வறண்ட கோடை. அமாசியாச் சரிவுகளின் தாளம் இங்கேயும் கேட்கிறது. அதனால்தான் இங்கே அது வயல் வயலாக வளர்கிறது.

ஆனா மேற்கு ஓரிகனில் ஒரு குறை உண்டு. மண் அமிலத்தன்மை கொண்டது, களிமண்ணும் அதிகம். நான் செய்வதைச் சொல்கிறேன். குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் படும் இடத்தில் ஒரு முழ அகலத்துக்கு மேடு கட்டுவேன், நம்ம ஊர் பார் மாதிரி. மண்ணோடு கொஞ்சம் சுண்ணாம்புத் தூள், நன்றாக மக்கிய உரம் கொஞ்சம். குழி தோண்டி அதன் நடுவில் சின்னக் குன்று ஒன்று வைத்து, கிழங்கை அதன்மேல் குதிரை ஏறியது போல உட்காரவைத்து, வேர்களை இரண்டு பக்கமும் கீழே இறக்கிவிட்டு மண் தள்ளி அழுத்த வேண்டும். வேர் ஆழத்தில், முதுகு வெளியில். இரண்டு கிழங்குக்கு நடுவே ஒன்றரை அடி. இலை விசிறி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் கிழங்கு நடந்துபோகும். விசிறிகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக வைத்தால் இரண்டாம் வருடமே மோதிக்கொள்ளும். எல்லாம் வெளியே பார்த்து நிற்கட்டும்.

நட்டவுடன் ஒரு முறை நல்ல தண்ணீர். வேர் பிடிக்கும்வரை வாரம் ஒரு முறை. அப்புறம் விட்டுவிடலாம். பழைய தூருக்கு நான் கோடையில் தண்ணீர் விடுவதே அபூர்வம். புல்தரைக்குச் சுழலும் தானியங்கித் தெளிப்பான் இந்தப் பாத்தியைத் தொடாதபடி திருப்பி வைத்திருக்கிறேன். உரத்தில் தழைச்சத்து குறைவாக, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அதிகமாக இருக்க வேண்டும். 5-10-10 என்று பையில் போட்டிருக்குமே, அது. வசந்தத் தொடக்கத்தில் ஒரு கைப்பிடி, பூத்து முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு கைப்பிடி. கிழங்குமேல் கொட்டாமல் சுற்றித் தூவணும். தழைச்சத்து ஏறினால் இலை கொழுகொழுவென்று வரும், திசு மென்மையாகிவிடும், மேலே சொன்ன பாக்டீரியாவுக்கு விருந்து.

அழுகல் கண்ணில் பட்டால் பயப்பட வேண்டாம். பழைய கரண்டி ஒன்றால் கூழைச் சுரண்டி எடுத்து, கெட்டியான வெள்ளைச் சதை தெரியும்வரை போங்கள். ஒரு பங்கு வீட்டு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அந்த இடத்தில் ஊற்றிவிட்டு வெயிலில் திறந்து விட்டுவிடுங்கள். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இங்கே அதைவிடத் தொல்லை வசந்த மழையில் வரும் இலைப்புள்ளி நோய். பூஞ்சை. பழைய இலைகளில்தான் அது குளிர்காலத்தைக் கழிக்கிறது. அதனால் காய்ந்த இலைகளை உடனுக்குடன் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட வேண்டும், உரக்குழியில் இல்லை. அமெரிக்காவின் கிழக்கிலும் நடுப்பகுதியிலும் கிழங்கைக் குடையும் ஒரு புழு பெரிய எதிரி. மேற்குக் கரையில் அது இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

டஸ்கி சேலஞ்சர் நடுப்பருவம் தாண்டிப் பூக்கும் ரகம், எங்கள் பக்கம் மே கடைசி, ஜூன் தொடக்கம். ஒரு தண்டில் மொட்டுகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். ஒரு பூவுக்கு ஆயுள் இரண்டு மூன்று நாள். ஒரு தூர் மொத்தமாக இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும். பூ கனம், அந்த நேரத்து மழையில் நனைந்தால் தண்டு சாயும். குச்சி ஊன்றிக் கட்டிவிடுவேன்.

சரி, இப்போது இரண்டாவது விஷயம். எல்லாவற்றையும் எதற்காகத் தோண்டி எடுக்கணும்?

ஐரிஸின் ஒவ்வொரு கிழங்கும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். கிழங்கின் நுனியில் இருக்கும் மொட்டு பூத்தண்டாக மாறிவிட்டால் அந்த நுனிக்கு மேற்கொண்டு வளர எதுவும் இல்லை. கதை முடிந்தது. ஆனா அதற்குள் பக்கவாட்டில் இரண்டோ மூன்றோ குட்டிக் கிழங்குகள் கிளம்பியிருக்கும். அடுத்த வருடப் பூ அவற்றிடமிருந்துதான். நமக்கு இது புதிதில்லை. வாழை! குலை தள்ளிய மரம் மறுபடி தள்ளாது, பக்கக்கன்றுதான் அடுத்தது. வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோமே, ஐரிஸுக்கும் அப்படியே பொருந்தும்.

வித்தியாசம் என்னவென்றால், வாழைக்கன்றுகளை நாம் கழித்துக்கொண்டே இருக்கிறோம், ஐரிஸைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறோம். வருடத்துக்கு ஒன்று இரண்டாகிறது என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் நான்காம் வருடம் பதினாறு. நடுவில் பூத்து முடித்த கிழங்குகள் செத்தும் சாகாமலும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். உயிருள்ளவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இலை அடர்த்தியில் வெயில் உள்ளே போகாது, ஈரம் காயாது. பூ குறையும், பிறகு நிற்கும், பிறகு அழுகல். பூத்து முடிந்து இலையுதிர் காலம் வருவதற்குள் ஒரு குட்டிக் கிழங்கு எவ்வளவு பருத்திருக்கிறது என்பதுதான் அடுத்த வருடம் அது பூக்குமா என்பதைத் தீர்மானிக்கும். நெரிசலில் எதுவுமே பருக்காது.

அதனால் ஜூலையில், பூத்து ஆறு வாரம் கழித்து, கார்டன் ஃபோர்க்கால் தூர் முழுவதையும் கிளப்பி எடுப்பேன். மண்ணை நீரில் அலசிவிட்டு, நடுவில் இருக்கும் இலையில்லாத பழைய கிழங்குகளை ஒடித்து எறிந்துவிட்டு, ஓரத்தில் இருக்கும் இளம் கிழங்குகளை வேரோடு பிரிப்பேன். இலையை அரை அடிக்கு விசிறி மாதிரி வெட்டிவிட வேண்டும். வேர் குறைந்துவிட்ட கிழங்கால் அவ்வளவு இலைக்கு நீர் கொடுக்க முடியாது. வெட்டுக்காயம் ஆற ஒன்றிரண்டு நாள் நிழலில் உலர்த்துவது நல்லது. இரண்டு வாரம் அட்டைப்பெட்டியில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. வறட்சியைத் தாண்டத்தானே அந்தக் கிடங்கு!

இங்கேதான் ‘ரகம்’ என்ற சொல்லுக்கு வர வேண்டும். நெல் ரகம் என்றால் விதை. விதைத்தால் அதே ரகம் வரும். ஐரிஸில் அப்படி இல்லை. மேலே சொன்ன மூன்று வாசல் அமைப்பு வேற்று மகரந்தத்துக்காகவே கட்டியது. பல தலைமுறைக் கலப்பு வேறு. டஸ்கி சேலஞ்சரின் விதையைப் போட்டால் இரண்டு மூன்று வருடம் கழித்து ஏதோ ஒரு ஐரிஸ் பூக்கும், டஸ்கி சேலஞ்சர் பூக்காது. கலப்பினம் உருவாக்குபவர்கள் ஒரு பூவின் மகரந்தத்தை இடுக்கியால் எடுத்து இன்னொன்றின் உதட்டில் தடவுகிறார்கள். வந்த நாற்றுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தூக்கி எறிகிறார்கள். தேறும் ஒன்றைப் பெருக்கி, வருடக்கணக்கில் கவனித்து, பெயர் வைத்து, அமெரிக்க ஐரிஸ் சங்கத்தில் பதிவு செய்கிறார்கள். அதாவது டஸ்கி சேலஞ்சர் என்பது ஒரே ஒரு விதையிலிருந்து முளைத்த ஒரே ஒரு செடி. உலகத்தில் அந்தப் பெயரில் இருக்கும் அத்தனையும், என் பாத்தியில் இருப்பது உட்பட, அந்த ஒரு செடியின் துண்டுகள். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் மூலக்கோப்பு எங்கேயும் இல்லை, இருப்பதெல்லாம் பேக்கப் மட்டுமே. யாராவது ஒருவர் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை குனிந்து பிரித்து நடாவிட்டால் அந்தப் பிரதி அழியும். எல்லாரும் விட்டுவிட்டால் ரகமே அழியும், விதைக்கிடங்கில் தேடி எடுக்க முடியாது.

செடி உயிரோடு இருந்தும் ரகம் தொலைவது உண்டு. பெயர் போனால் போச்சு. என் கிழங்குகள் எங்கள் தெருவில் இருந்த ஒரு வயதான அம்மையார் கொடுத்தவை. மகளோடு போய் இருப்பதற்காக அவர் வீட்டை விற்றபோது பாத்தியில் பதினெட்டு வகை ஐரிஸ் இருந்தது. ஏழுக்குத்தான் பெயர்ப்பலகை. துத்தநாகத் தகட்டில் பென்சிலால் எழுதியது, பெயரும் வாங்கிய வருடமும். மற்ற பதினொன்றும் நல்ல ஆரோக்கியம், நல்ல பூ, ஆனா பெயர் இல்லை. பதிவான ரகங்கள் பல்லாயிரம். படத்தைப் பார்த்து ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது, இருட்டு ஊதாக்களில் சுத்தமாக முடியாது. புது வீட்டுக்காரர் அந்த இடத்தில் கார் நிறுத்தத் தளம் போட்டுவிட்டார். நாங்கள் சிலர் பெயர் உள்ள ஏழையும், பெயர் இல்லாததில் முடிந்ததையும் எடுத்து வைத்தோம். பெயர் இல்லாதவற்றில் நான்கு என்னிடம் இருக்கின்றன. அவற்றில் ஒரு வெளிர்நீலம் என் மகளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. என்னவென்று இன்றுவரை தெரியாது.

“எங்க வீட்டு ஐரிஸ் நிறம் மாறிப்போச்சு, மஞ்சளா வாங்கினது ஊதாவாயிடுச்சு” என்று சொல்பவர்கள் உண்டு. மாறாது. பக்கத்தில் இருந்த வலுவான ஊதா மெதுவாக நடந்துவந்து மஞ்சளை நெருக்கித் தள்ளியிருக்கும். அல்லது காய் வெடித்து விதை விழுந்து புது நாற்று முளைத்திருக்கும். அதனால் நான் பூ வாடியதும் காயைக் கிள்ளிவிடுகிறேன்.

முப்பது வருடம் ஆன ரகங்களை ‘வரலாற்று ஐரிஸ்’ என்று வகைப்படுத்தி, அவற்றைத் தேடிப் பிடித்து வளர்த்துக் காப்பதற்கென்றே அமெரிக்காவில் ஒரு சங்கம் இருக்கிறது. நியூ ஜெர்சியின் மான்ட்கிளேரில் 1927இல் தொடங்கிய பிரெஸ்பி நினைவு ஐரிஸ் தோட்டம் இன்றும் பழைய ரகங்களைப் பாத்தி பாத்தியாக வைத்திருக்கிறது. லெமோன் 1840இல் விற்ற ‘ஹானராபில்’ என்ற மஞ்சளும் செம்பழுப்புமான சின்ன ஐரிஸ் இன்னும் தோட்டங்களில் கிடைக்கிறது. நூற்றெண்பது வருடத்துக்கு மேலாக ஒரே செடி, கை மாறிக் கை மாறி. அந்தக் காலத்தில் பட்டியலில் அதோடு இருந்த பல பெயர்கள் பெயராக மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன. முப்பது வருடக் கணக்குப்படி டஸ்கி சேலஞ்சர் 2016இலேயே வரலாற்று ஐரிஸ் ஆகிவிட்டது. இன்னும் பண்ணைகள் விற்கின்றன, இப்போதைக்குக் கவலையில்லை. ஆனா ஒவ்வொரு வருடமும் புது ரகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பட்டியலில் இடம் குறைவு. விற்பனைப் பட்டியலிலிருந்து இறங்கும் ரகம் வீட்டுத் தோட்டங்களை நம்பித்தான் இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து நண்பர்கள் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சென்னை, மதுரை மொட்டைமாடியில் இது வராது. பூக்கக் குளிர்காலக் குளிர் வேண்டும், இல்லையென்றால் இலை மட்டும்தான். வெயிலோடு சேர்ந்து வரும் மழையில் கிழங்கும் போய்விடும். ஊட்டியில் குளிர் கிடைக்கும், ஆனா மழை வருவது தப்பான பருவத்தில். இந்தியாவில் தாடி ஐரிஸை இயல்பாகப் பார்க்க வேண்டுமென்றால் காஷ்மீர். அங்கே கல்லறைகளின்மேல் வெள்ளையும் ஊதாவுமாக நட்டிருப்பார்கள், ஏப்ரல் மே மாதங்களில் கல்லறைத் தோட்டம் முழுக்கப் பூத்து நிற்கும்.

என்னிடம் இந்த ஜூலையில் பிரிக்க வேண்டிய தூர்கள் மூன்று. இருபது கிழங்காவது மிஞ்சும் என்று நினைக்கிறேன். போர்ட்லேண்ட் பக்கம் இருப்பவர்கள் சொன்னால் எடுத்து வைக்கிறேன், ஆகஸ்ட் முடிவதற்குள் நட்டுவிட வேண்டும். முதல் வருடம் பூக்காமலும் போகலாம், பொறுத்திருங்கள். வெட்டிய இலைமேலேயே பெர்மனென்ட் மார்க்கரால் பெயரை எழுதித்தான் கொடுப்பேன். அந்த இலை சில மாதத்தில் காய்ந்துவிடும். அதற்குள் நீங்கள் ஒரு தகட்டில் எழுதி ஊன்றிவிடுங்கள், பென்சிலால். மார்க்கர் மை இரண்டு கோடையில் வெளுத்துவிடும், துத்தநாகத்தில் பென்சில் வெளுக்காது.